பெரிய எழுத்து

அத்தியாயம் ஒன்பது

அய்யம்மாளுக்கு வலது கைப் பெருவிரல் விடியும் முன்பே வலிக்க ஆரம்பித்துவிட்டது. நுனியில் இல்லை. விரல் உள்ளங்கையோடு சேருகிற அடிக்கணுவில். பட்டாசுக் கம்பெனியில் வருடக்கணக்காகப் பூச்சட்டி வாணத்துக்குள் வெடிமருந்தை அமுக்கி அமுக்கி அந்தக் கணு எலுமிச்சங்காய் போல் வீங்கிக் கிடந்தது. சோற்றுப் பானையின் மூடியைப் பிடிக்க அந்த விரல் மடங்கவில்லை. இடது கையால் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"எம்மா, அத வச்சிட்டு இங்கன வா. போன எடுத்து ஒரு தடவ செஞ்சு காமி" என்றாள் மாரிசெல்வி.

"சோத்த வடிக்கட்டுமா, ஒம் போனத் தடவட்டுமா?"

"ரெண்டும் செய்யலாம். இன்னைக்கு எனக்கு ரொம்ப முக்கியமான நாளும்மா."

முக்கியமான நாள்தான். விருதுநகரில் செல்போன் செயலிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மாரிசெல்வி சேர்ந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. நாற்பது, ஐம்பது தாண்டியவர்களும் தடுமாறாமல் கையாளும்படி திரைகளை வரைவது அவள் வேலை. அவள் அம்மா வேலை பார்க்கும் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியே செயலி கேட்டு வந்தபோது, வேலை அவள் கைக்கே வந்தது.

செயலிக்கு 'வாசல்' என்று பெயர். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் காலையில் கேட்டிலேயே 'வேலைக்கு வந்தேன்' என்று அழுத்திவிட்டு, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது போனை வாங்கி 'வெளியே வந்தேன்' என்று அழுத்த வேண்டும். எந்த ரூமில் யார் இருக்கிறார்கள் என்று ஆபீஸ் திரையில் தெரியும். தீப்பிடித்தால் யார் இன்னும் வெளியே வரவில்லை என்று பெயரோடு தெரியும். பெயர் இருந்தால்தான் தேடுவார்கள். வெடித்த கட்டடத்துக்கு முன்னால் நின்று உள்ளே எத்தனை பேர் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட சாயங்காலங்களை இந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள்.

போன வாரம்தான் எல்லோர் போனிலும் ஏற்றினார்கள். முதல் நாள் தப்பாக அழுத்தியவர்களுக்கெல்லாம் 'பிழை' என்று சிவப்பில் வந்தது. "நான் என்ன பிழை செஞ்சேன்?" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். மாரிசெல்வி அன்று ராத்திரியே உட்கார்ந்து அதை 'இன்னொரு தடவை அழுத்துங்க' என்று மாற்றினாள்.

சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த செல்லச்சாமி சிரித்தார். அவர் லாரி ஆபீஸில் லோடுமேன். பண்டல் தூக்கித் தூக்கி விரலெல்லாம் காய்ப்பு. அவர் விரல் பட்டால் போன் அசையாது. மகள் செய்யும் ஒவ்வொரு திரையையும் முதலில் அவர்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டுவார்.

"வாசல்னு பேரு வச்சிருக்கா. கதவத் தட்டுற மாரி தட்டுனாத்தான் தெறக்கு" என்றார்.

"ஒங்களுக்கு அம்புட்டும் சிரிப்பு" என்று அய்யம்மாள் போனை எடுத்தாள். கையை முழுக்க நீட்டிப் பார்த்தாள். பிறகு மூக்குக்கு அருகே கொண்டுவந்தாள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ எழுத்து இருந்தது. பிடிபடவில்லை.

"தெரியுதா?"

"தெரியாம என்ன? நான் என்ன குருடியா?"

"நாப்பது தாண்டுனா யாருக்கும் கிட்டத்துல மங்கும்மா. கலெக்டருக்கும் மங்கும். அதுக்குத்தான பெரிய எழுத்துன்னு ஒண்ணு வச்சிருக்கேன். பஞ்சம்மாத்த போட்டுக்கிட்டாகல்ல?"

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளுக்கு மாரிசெல்விதான் நாலு நாளைக்கு முன்னால் அதைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் தன் பெயரைப் பார்த்து, "ஆத்தீ, எம் பேரு இம்புட்டு நீளமா?" என்று அவள் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போனாள். அவளும் அய்யம்மாளும் பதினாலாம் நம்பர் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவர்கள்.

"அவ போடட்டும். எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

அய்யம்மாள் சோற்றை வடித்தாள். கஞ்சி முழுவதும் இறங்கியது. பிறகு, "கண்ணு மங்கிருச்சுன்னு தெரிஞ்சா மருந்து ரூம்ல விடமாட்டாக. பேக்கிங்ல போட்ருவாக. அங்க கூலி பாதி. தெரியும்ல?" என்றாள்.

"ஒம் போன்ல எழுத்து எம்புட்டு பெருசா இருந்தா அவுகளுக்கு என்னம்மா? யாருக்குத் தெரியப் போகுது?"

சொல்லும்போதே மாரிசெல்விக்கு மனசில் ஏதோ இடறியது. என்னவென்று நின்று பார்க்க நேரமில்லை. அதற்குள் அம்மா குளிக்கப் போயிருந்தாள். போன் அடுப்படித் திட்டில் கிடந்தது. மாரிசெல்வி அதை எடுத்து, பெரிய எழுத்தைப் போட்டுவிட்டாள். ஒரு தடவை பார்த்தால் அம்மாவுக்கே பிடித்துப்போகும்.

அம்மாவிடம் கேட்கவில்லை.

"எம்மா" என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "இன்னைக்கு பதினோரு மணி வாக்குல அபாய மணி அடிக்கும். பதறிராத. சும்மா ஒத்திகதான். நாங்க பாக்குறதுக்கு."

"சரி சரி."

வேனில் போகும்போதுதான் அய்யம்மாள் போனைத் திறந்தாள். திரை முழுக்க எழுத்து. 'வணக்கம் அய்யம்மாள்' என்று இருந்தது. கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை, கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. அடியில் மஞ்சளில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரே ஒரு பட்டன்: 'வேலைக்கு வந்தேன்.'

'செஞ்சுட்டாளா கழுத' என்று மனசுக்குள் திட்டினாள். ஆனால் உடனே மூடவில்லை. இன்னொரு தடவை வாசித்தாள். பக்கத்தில் பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, நீங்களும் கச்சியில சேந்துட்டீகளா?"

"எம் மக பாத்த வேல."

"நல்ல வேலதான் பாத்திருக்கா. இத்தன நாளு கண்ணக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்."

கேட்டில் வரிசை நின்றது. வழக்கம்போல் எல்லோர் கையிலும் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. எண்ணெய் தடவிக்கொண்டு போனால்தான் சாயங்காலம் மருந்தில் கலக்கும் வெள்ளிப் பவுடர் கையை விட்டுப் போகும். போர்மேன் பாலகுரு கையில், ஆட்களின் பெயர்கள் தெரிகிற புதிய டேப் ஒன்றைச் சிலேட்டுபோல் வைத்திருந்தார். முகம் சரியில்லை. அவர் அதிர்ந்து பேசுகிற ஆளில்லை. ஆனால் சீசன் சமயத்தில் அவர் தூங்குவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"பஞ்சம்மா, நீங்க இன்னைல இருந்து பேக்கிங்."

பஞ்சம்மாள் சிரித்தாள். விளையாட்டென்று நினைத்துவிட்டாள். "ஏண்ணே, பேக்கிங்ல ஆளு இல்லையா?"

"ஆளு இருக்கு. ஒங்க பேருக்குப் பக்கத்துல 'அ' போட்டிருக்கு."

"அதென்ன அ?"

"பெரிய எழுத்து வச்சிருக்கீகள்ல? அதான். கண்ணு தெரியலன்னு நீங்களே சொன்ன மாரி. கண்ணு தெரியாத ஆள மருந்து ரூம்ல ஒக்கார வச்சு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மொதலாளி வக்கீலப் பாப்பாரு. நான்தான் கம்பி எண்ணணும்."

"எனக்கா கண்ணு தெரியல? பூச்சட்டியில ஒரு பொட்டு மருந்து கூடச் சிந்திப் பாத்திருக்கீகளா?"

"சிந்துன பெறகு பாக்க யாரு இருப்பா? பேக்கிங்குக்குப் போங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

பஞ்சம்மாள் திரும்பி அய்யம்மாளைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. என்ன நடக்கிறது என்று கேட்கிற பார்வை. அய்யம்மாள் முந்தானைக்குள் போனை மறைத்தாள். அந்தப் பார்வைக்கு எதிர்ப் பார்வை பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வரிசையிலிருந்து மெல்ல நழுவி, பின்னால் நின்ற சினேகாவிடம் போனாள். சினேகா போன வருடம் வேலைக்கு வந்த பிள்ளை.

"ஏத்தா, இதச் சின்னதாக்கு. வெரசா."

"ஏன்த்தே? நல்லாத்தான இருக்கு?"

"ஆக்குன்னா ஆக்கு புள்ள."

சினேகா விரலால் இரண்டு தடவை தட்டினாள். திரை சுருங்கியது. வணக்கம் போனது, பெயர் போனது. எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ கிடந்தது.

அய்யம்மாள் வரிசைக்குத் திரும்பினாள். பெரிய எழுத்தில் ஒரே ஒரு பட்டன். சின்ன எழுத்தில் இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று 'வேலைக்கு வந்தேன்'. மற்றது 'இன்று விடுப்பு'. எது எந்தப் பக்கம் என்று நாலு நாளாகப் பழகி வைத்திருந்தாள். இடது பக்கம் பெருவிரலை வைத்து அழுத்தினாள். கணுவில் சுரீரென்று இழுத்தது. எண்ணெய் விரல் கண்ணாடியில் வழுக்கியது. பச்சையில் டிக் வந்தது.

டிக் வந்தால் போதும். எதற்கு வந்தது என்று வாசிக்க அவளால் முடியாது. வாசிப்பதுபோல் ஒரு நொடி முறைத்துப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் வெள்ளைத்துரையிடம் போனைக் கொடுத்தாள். பாலகுரு அதற்குள் இன்னொரு 'அ'காரியோடு வாக்குவாதத்தில் இருந்தார். அய்யம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் ஏசி ஓடியது. மாரிசெல்விக்கு வேர்த்தது.

முதலாளி கனகசபாபதி வெளியூர் போயிருந்தார். அவர் மகள் பிரீத்திகா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சென்னையில் படித்துவிட்டு வந்து, அப்பாவிடம் சண்டை போட்டு இந்தச் செயலியை வாங்கியவள். மாரிசெல்வியின் கம்பெனி நடத்தும் முத்துப்பாண்டி, சுவரில் மாட்டிய பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். இன்று ஒத்திகை நன்றாக நடந்தால் இவர்களுடைய மற்ற இரண்டு யூனிட்டுக்கும் செயலி போகும். மாரிசெல்வியின் வேலை நிரந்தரமாகும். அதை முத்துப்பாண்டி காரில் வரும்போதே சொல்லியிருந்தார்.

"உள்ள இருக்கிறவங்க பேரு செவப்பு மேடம். வெளிய வந்து போன்ல அழுத்துனா பச்சையாகும். மணி அடிக்கச் சொல்லலாமா?"

மணி அடித்தது.

ஜன்னல் வழியே தெரிந்தது. தூரத்து ரூம்களிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். சிலர் ஓடினார்கள், சிலர் ஓடத் தெரியாமல் வேகமாக நடந்தார்கள். ஒருத்தி செருப்பை மறந்து திரும்ப, இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. வெள்ளைத்துரை போன்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். திரையில் சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசிச் சிவப்பும் மாறியது.

பிரீத்திகா கை தட்டினாள். "அப்பா நம்பவே மாட்டார். போன தடவை தலையை எண்ணி முடிக்கவே பாதி காலைப் பொழுது போச்சு."

முத்துப்பாண்டி மாரிசெல்வியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சிரி என்று அர்த்தம். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் பதினாலாம் நம்பர் ரூமைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே மூன்று பச்சை. அய்யம்மாள் பெயர் இல்லை. கீழே இறக்கிப் பார்த்தாள். அடியில், சாம்பல் நிறத்தில் இருந்தது.

அய்யம்மாள். இன்று விடுப்பு.

காலையில் தூக்குவாளியோடு வேனில் ஏறியதை இவள் பார்த்திருக்கிறாள். கை கூட ஆட்டினாள்.

"ஒரு நிமிசம் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நடந்துதான் வந்தாள். வேப்பமரம் வந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டாள். எல்லா முகத்திலும் அம்மாவைத் தேடினாள். பேக்கிங் ஆட்கள் நின்ற பக்கம் பஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தே, எங்கம்மாவ எங்க? நீங்க ஏன் இங்கன நிக்கீக?"

"ஒங்கிட்டதான் கேக்கணும்" என்றாள் பஞ்சம்மாள். "எம் பேருக்குப் பக்கத்துல 'அ' போட்டது நீயாமே."

அப்போதுதான் காலையில் இடறியது எது என்று மாரிசெல்விக்குத் தெரிந்தது.

செய்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வாடிக்கைக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று முத்துப்பாண்டி கேட்டிருந்தார். எண்ணிக்கை போதும். ஆனால் பெயர்களோடு காட்டினால் திரை நிறைவாக இருக்கும் என்று பட்டது. பெரிய எழுத்து வைத்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அழகாகச் சின்னதாக ஒரு 'அ' வரைந்து வைத்தாள். வட்டத்துக்குள். நீல நிறத்தில். நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் செலவழித்திருந்தாள்.

சினேகா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அத்த காலையில எங்கிட்டக் குடுத்துச் சின்னதாக்கச் சொன்னாகக்கா. உள்ளதான் போனாக. நான் பாத்தேன்."

ஆபீஸ் வாசலில் முத்துப்பாண்டி வந்து நின்றார். பின்னால் பிரீத்திகா. "மாரிசெல்வி, முடிஞ்சதுன்னு அறிவிச்சிரலாமா? எல்லாரும் வந்தாச்சு."

சரி என்று தலையாட்டினால் போதும். மணி இன்னொரு தடவை அடிக்கும், எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள், அம்மாவும் கூட்டத்தோடு கலந்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. வேலை நிரந்தரம். மாரிசெல்வி அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"உள்ள ஒரு ஆள் இருக்கு சார்."

"திரையில எல்லாம் பச்சையாத்தான இருக்கு?"

"திரை தப்பு. எங்கம்மா உள்ள இருக்கா."

பதினாலாம் நம்பர் ரூம் வாசற்படியில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கவில்லை. வெள்ளிப் பவுடர் படிந்த இரண்டு கையும் மடியில் கிடந்தது. புருவத்திலும் வெள்ளி.

"மணி அடிச்சது கேக்கலயா?" மாரிசெல்விக்கு மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சு. நீதான ஒத்திகன்ன?"

"அதுக்கு? வெளிய வர வேண்டியதான?"

"வெளிய வந்தா போனத் தடவணும். பாலகுரு பக்கத்துலயே நிப்பாரு. எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சிரும். எல்லாரும் உள்ள வரட்டும், கலந்துக்கிடலாம்னு இருந்தேன்."

"நெசமாவே தீப்பிடிச்சிருந்தா?"

"நெசமா இருந்தா ஓடியிருப்பேன். எனக்கென்ன காலு இல்லையா?"

"ஓட முடியாமப் போயிருந்தா? ஒன்னயத் தேடி ஒருத்தரும் வந்திருக்க மாட்டாகம்மா. நீ இன்னைக்கு லீவுன்னு அழுத்தியிருக்க."

அய்யம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தாள்.

பிரீத்திகாவும் பாலகுருவும் வந்து சேர்ந்தார்கள். பாலகுருவுக்கு முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா அய்யம்மா, காலையில என்னைத் தாண்டித்தான போனீக? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இது நெசமா இருந்து, நான் டேப்பப் பாத்து எல்லாரும் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருந்தா என்னாகும்?"

"சொல்லியிருந்தா என்னையும் பேக்கிங்குக்கு அனுப்பியிருப்பீக."

"அனுப்பத்தான் செஞ்சிருப்பேன்! கண்ணு தெரியாம மருந்த அள்ளி..."

"அவங்களுக்குக் கண்ணு தெரியும்ண்ணே" என்றாள் மாரிசெல்வி. குரல் உயர்ந்துவிட்டது. "கிட்டத்துல எழுத்து மங்குறது வேற, மருந்து தெரியாமப் போறது வேற. வாசிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சுது. நீங்க கூடக் கைய நீட்டித்தான டேப்பப் பாக்குறீக?"

பாலகுரு கையிலிருந்த டேப்பைத் தன்னையறியாமல் நெஞ்சுக்கு அருகே இழுத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"அப்பறம் எதுக்கு எனக்கு அந்த 'அ'வக் காட்டுன? நானா கேட்டேன்? பேருக்குப் பக்கத்துல நீ ஒரு அடையாளம் வச்சா, அது எதுக்குன்னு நான் நெனைக்கணும்? நல்லா வேல பாக்குதுன்னா வச்சிருக்கன்னு நெனைப்பேன்?"

முத்துப்பாண்டி தரையைப் பார்த்தார். கேட்டது அவர்தான். வரைந்தது மாரிசெல்விதான்.

பிரீத்திகா முன்னால் வந்தாள். பெரிய கம்பெனி வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் அய்யம்மாள் உட்கார்ந்திருந்த படியை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அந்த அடையாளத்தை இன்னைக்கே எடுத்துருங்க. சின்ன எழுத்துலயும் ஒரு பட்டன்தான் இருக்கணும். லீவு பட்டன் கேட்டுல தெரியவே கூடாது. செய்ய முடியுமா?"

"இன்னைக்கே செஞ்சிருவேன் மேடம்."

"அய்யம்மாக்கா இங்கயே வேல பாக்கட்டும் பாலகுரு. இவங்க பொண்ணு உண்மையைச் சொல்லியிருக்கு. அடுத்த வாரம் எல்லாருக்கும் கண் டாக்டரை வரச் சொல்றேன்."

"பஞ்சம்மா?" என்று கேட்டாள் அய்யம்மாள்.

பிரீத்திகா பாலகுருவைப் பார்த்தாள். பாலகுரு, "அந்த எடத்துக்கு மூணாம் நம்பர் ரூம்ல இருந்து ஆளப் போட்டாச்சு. ரூமுக்கு நாலு பேருக்கு மேல வைக்க முடியாது" என்றார்.

"அப்பா நாளைக்கு வர்றார். கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் பிரீத்திகா.

மாரிசெல்வி வாயைத் திறந்திருக்கலாம். பஞ்சம்மாவுக்கும் இதே நியாயம்தானே என்று கேட்டிருக்கலாம். காலையிலிருந்து எத்தனையோ பேசியவள்தான். அம்மாவின் இடம் தப்பியது என்று தெரிந்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

அய்யம்மாள் அதைக் கவனித்தாள்.

சாயங்காலம் வேனில் பஞ்சம்மாள் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அய்யம்மாள் பக்கத்தில் இடம் காலியாக வந்தது. தங்கள் ஊர் நாரணாபுரத்தில் இறங்கியதும் அய்யம்மாள் கை கால் கூடக் கழுவாமல் நேராகப் பஞ்சம்மாள் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவள் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துப் பெருவிரல் கணுவில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து அந்த நீல வட்டத்தை அழித்தாள். பால் பொங்குகிற நேரம் கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக அழிகிற ஒன்று. முத்துப்பாண்டி போன் செய்தார். "தப்பு நடந்தாலும் நீ முன்வந்து சொன்னது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. மத்த ரெண்டு யூனிட்டும் நமக்குத்தான். ஒன் வேலைய நிரந்தரமாக்கி ஆர்டர் எழுதிட்டேன். சந்தோசம்தான?"

"ம்" என்றாள். உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தாள். தாகமில்லை. தெருவுக்கு வந்து, உள்ளே போய், மறுபடி வந்தாள்.

"ஏத்தா, கால்ல சக்கரமா கெட்டியிருக்கு?" என்றார் செல்லச்சாமி. "போறதுன்னா போ. போயித் திட்டு வாங்கிட்டு வா. அப்பத்தான் சோறு எறங்கும்."

போனாள்.

பஞ்சம்மாள் முறத்தில் ரேஷன் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணால் அல்ல, விரலால். அரிசிக்கு நடுவில் விரல் ஓடி ஓடி, நின்று, கல்லை எடுத்து வெளியே போட்டது.

"ஒக்காரு" என்று கூடச் சொல்லவில்லை.

"அத்தே, நான் அந்த 'அ'வ எடுத்துட்டேன்."

"நானும் சின்னதாக்கிட்டேன். எம் பேர நான் பாத்தது நாலே நாளு."

"பெருசா வச்சிக்கோங்க அத்தே. இனிமே யாருக்கும் தெரியாது."

"இப்படித்தான அன்னைக்கும் சொன்ன?"

முறத்தில் விரல் ஓடியது. ஒரு கல் வந்து மாரிசெல்வியின் காலடியில் விழுந்தது.

"மதினி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாக. அவுக மறைக்கல. ஒங்கம்மாளுக்குப் பேசுன வாயி எனக்கு ஏன் பேசல?"

மாரிசெல்வி குனிந்து அந்தக் கல்லை எடுத்தாள்.

"நான் ஒங்கிட்ட வந்து எனக்கு எழுத்து தெரியல, பெருசாக்கித் தான்னு கேட்டனா? நீயா வந்த. நீயா போட்ட. அத்தே அத்தேன்னு நல்லாத்தான் பேசுன. இப்ப மூணாம் ரூம்காரி எம் பலகையில ஒக்காந்திருக்கா. ஒங்கம்மா அவளுக்கு எதிர ஒக்காந்திருப்பா. நான் அட்டப்பொட்டி ஒட்டணும்."

"நாளைக்கு மொதலாளி வாராரு. நான் போய்ப் பேசுறேன் அத்தே."

"பேசுறது எனக்கு எதுக்கு? எடம் வேணும்."

அதற்குமேல் பஞ்சம்மாள் நிமிரவில்லை.

வீட்டில் அய்யம்மாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் வந்து எதிரே உட்காரும்வரை காத்திருந்து கேட்டாள்.

"என்ன சொன்னா?"

"எடம் வேணும்னு சொன்னாக."

"நியாயந்தான?"

"நியாயந்தான்."

"அப்ப சொல்லு. காலையில வேன் வந்து நின்னா நான் ஏறட்டுமா, வேண்டாமா? அவளத் தாண்டி அந்த ரூமுக்குப் போயி எப்படி ஒக்கார? நீ படிச்சவ, நீயே சொல்லு."

செல்லச்சாமி தட்டை இழுத்துப்போட்டுச் சோற்றில் கை வைத்தவர், வைத்தபடியே இருந்தார்.

பதினாலாம் நம்பர் ரூமில் ஓர் இடம். பஞ்சம்மாளுடையது. மாரிசெல்வி அவளுக்கு அதைத் திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.